மினிவேனும் அந்த வாரண்டி காகிதமும்

விலை பேசி முடித்து, நிறத்தையும் முடிவு செய்வதற்குள் டீலர் கடையில் மூன்று மணி நேரம் போயிருக்கும். பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். அந்த நேரத்தில்தான் உள்ளே ஒரு சின்ன அறைக்குக் கூப்பிடுவார்கள். அமெரிக்காவில் கடனுக்குப் புது வண்டி வாங்கிய பலருக்கும் அந்த அறை தெரியும். கையெழுத்துப் போட வேண்டிய தாள்களுக்கு நடுவில் ஒரு தாள் வரும். ஏழு ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் வரை எது கெட்டாலும் நீங்கள் கவலைப்பட வேண்டாம், மாதத் தவணையில் 51 டாலர்தான் கூடும் என்பார்கள். யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்றால், இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்பார்கள்.

நானும் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் அம்மா இருந்தார். ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மினிவேன்தான் வேண்டும் என்று முடிவு செய்ததே அவருக்காகத்தான். உயரமான எஸ்யூவியில் ஏற அவருடைய முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மினிவேனில் கதவு பக்கவாட்டில் நகர்ந்து அகலமாகத் திறக்கும், தரையும் தாழ்வாக இருக்கும், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் ஏறி உட்கார்ந்துவிடலாம். அந்தத் தாளைப் பார்த்து அம்மா கேட்டார்: “வண்டி புதுசுதானே, இப்பவே எதுக்கு ரிப்பேருக்குக் காசு கேக்குறாங்க?”

அன்று என்னிடம் அதற்குச் சரியான பதில் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் வண்டியை வைத்திருந்ததிலும், தேடிப் படித்ததிலும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், மினிவேனில் எது எப்போது கெடும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். அதைத் தெரிந்துகொண்டவர் அந்த அறையில் உட்கார்ந்து வேறு மாதிரிப் பேச முடியும்.

மினிவேன் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் பலவீனமும் புரியும். 1970களில் ஃபோர்டு கம்பெனியில் இருந்தபோதே லீ ஐயகோக்காவும் ஹால் ஸ்பெர்லிக்கும் இப்படி ஒரு வண்டியைச் செய்ய நினைத்தார்கள். அங்கே அது நடக்கவில்லை. இருவரும் கிரைஸ்லருக்கு வந்த பிறகு, 1983 நவம்பரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள வின்ட்சர் தொழிற்சாலையிலிருந்து 1984 மாடலாக டாட்ஜ் காரவானும் பிளிமத் வாயேஜரும் வெளிவந்தன. அதுவரை அங்கே வேன் என்றால் பெரும்பாலும் லாரியைப் போல, பின் சக்கரங்கள் இயக்கும் பெரிய வண்டி. கிரைஸ்லர் செய்தது வேறு. ஒரு சாதாரணக் காரின் முன்சக்கர இயக்கத்தை எடுத்து, அதன் மேல் ஏழு பேர் உட்காரும் பெட்டியை வைத்தார்கள். பின் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு தேவைப்படவில்லை. அதனால்தான் தரை தாழ்ந்தது, அம்மாவால் ஏற முடிகிறது.

நம் ஊர் இன்னோவாவை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று பிடிபடும். 2005இல் இந்தியாவுக்கு வந்த இன்னோவாவும் அதற்கு அடுத்த கிரிஸ்டாவும் ஏணிச் சட்டத்தின் மேல் கட்டிய, பின் சக்கரங்கள் இயக்கும் வண்டிகள். ஏறுவதற்கு உயரம், ஆனால் சுமைக்கென்றே பிறந்த கட்டமைப்பு. அமெரிக்க மினிவேன் காரிலிருந்து பிறந்தது. என்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் குறுக்காக, ஒன்றோடு ஒன்று ஒட்டி, நெருக்கமான இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஏழு பேர், பெட்டிகள், கோடையில் முன்னும் பின்னும் ஓடும் ஏசி, மலைச்சாலை என்று எல்லாப் பாரமும் அந்தச் சின்ன கியர்பாக்ஸின் தலையில்தான் விழும். அதன் பெரிய எதிரி சூடு. மினிவேன்களின் நாற்பது ஆண்டு வரலாற்றில் மிக மோசமான கதைகளில் பல கியர்பாக்ஸ் கதைகளாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

முதல் பெரிய கதை கிரைஸ்லருடையதே. 1989 மாடலில் அல்ட்ராடிரைவ் என்ற நான்கு கியர் தானியங்கி கியர்பாக்ஸைக் கொண்டுவந்தார்கள். கியர் மாற்றத்தைக் கணினியே முழுக்கப் பார்த்துக்கொள்ளும் என்பது அந்தக் காலத்தில் பெரிய முன்னேற்றம். ஆனால் வண்டிகள் நடுவழியில் நின்றன, இரண்டாம் கியரிலேயே மாட்டிக்கொண்டு ஊர்ந்தன. வடிவமைப்பில் குறை இருந்தது உண்மைதான். அதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. அந்தக் கியர்பாக்ஸுக்குக் கிரைஸ்லரின் தனி ஆயில் தேவை. ஆனால் அது கிடைக்காவிட்டால் கடைகளில் கிடைக்கும் டெக்ஸ்ரான் ஆயிலை ஊற்றலாம் என்று கையேட்டிலேயே போட்டிருந்தார்கள். ஊற்றியவர்களின் வண்டிகள் அதிர ஆரம்பித்தன, கிளட்சுகள் தேய்ந்தன. கம்பெனியின் சொல்லை நம்பி நடந்தவருக்கே நஷ்டம் வந்த கதை அது. இன்றைக்கும் மினிவேனுக்கு கியர் ஆயில் மாற்றும்போது எந்த ஆயில் என்று பெயர் கேட்டு, டப்பாவைப் பார்த்துவிட்டு ஊற்றச் சொல்வது நல்லது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதிய பொது ஆயிலை நான் ஊற்றவிடுவதில்லை.

இரண்டாவது கதை ஹோண்டா ஒடிஸியுடையது. நம்மவர்கள் பலர் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் பெயர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1999 மாடல் ஒடிஸி வந்தபோது அமெரிக்காவே வரிசையில் நின்று வாங்கியது. மூன்றாவது வரிசை இருக்கை தரைக்குள் மடிந்து மறைவதை அதுவரை பலர் பார்த்ததில்லை. ஆனால் 1999 முதல் 2001 வரை வந்த வண்டிகளில் கியர்பாக்ஸ் காலத்துக்கு முன்பே தோற்றது. ஹோண்டா அவற்றின் கியர்பாக்ஸ் வாரண்டியை மட்டும் 7 ஆண்டு, 1 லட்சம் மைல் என்று தானாகவே நீட்டித்தது. 2002இல் என்ஜின் சக்தியை 210 குதிரைத்திறனிலிருந்து 240 ஆக உயர்த்தி, ஐந்து கியர் பெட்டியை வைத்தார்கள். அதிலும் சிக்கல். இரண்டாவது கியரின் பற்களுக்குப் போதிய ஆயில் போகாமல் சூடேறி, பல் உடைந்து, கியர்பாக்ஸ் இறுகிக்கொள்ளும் ஆபத்து இருந்தது. 2004 ஏப்ரலில் ஒடிஸியோடு வேறு சில மாடல்களையும் சேர்த்துச் சுமார் 11 லட்சம் வண்டிகளைச் சரி செய்யத் திரும்ப அழைத்தார்கள், ரீகால் என்பது இதைத்தான். 15,000 மைலுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அந்தக் கியருக்கு ஆயில் பீய்ச்சும் ஒரு சின்னக் குழாயை மட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்கு மேல் ஓடியிருந்தால் கியரைப் பார்த்து, சூட்டில் நிறம் மாறியிருந்தால் பெட்டியையே மாற்றிக் கொடுத்தார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒடிஸியின் இந்த இரண்டு பெரிய கோளாறுகளிலும் பாதிக்கப்பட்டவருக்குக் காப்பாக வந்தது டீலர் அறையில் காசு கொடுத்து வாங்கிய காகிதம் அல்ல, கம்பெனியே இலவசமாக நீட்டித்த வாரண்டியும் ரீகாலும்தான். ஒரே கோளாறு லட்சக்கணக்கான வண்டிகளில் வந்தால் கம்பெனி ஏதாவது செய்தாக வேண்டிய நிலை உருவாகும். பின்னாளில் இதே ஒடிஸியில், சக்தி தேவைப்படாத நேரத்தில் ஆறு சிலிண்டரில் மூன்றை அணைத்து எரிபொருள் சேமிக்கும் அமைப்பு வந்தது. 2008 முதல் 2013 வரையான வண்டிகளில் என்ஜின் ஆயில் குறைவதும் ஸ்பார்க் பிளக்கில் கரி படிவதும் வழக்காகி, 2013இல் சமரசமானபோது அந்தக் கோளாறுக்கு மட்டும் வாரண்டி 8 ஆண்டாக நீண்டது. ஆனால் இப்படி நீட்டித்த செய்தி கடிதமாகத்தான் வரும். வீடு மாறியவருக்கும், இரண்டாம் கையில் வாங்கியவருக்கும் அந்தக் கடிதம் போய்ச் சேராமல் போகலாம். வண்டியின் அடையாள எண்ணை (VIN) டீலர் சர்வீஸ் மேசையில் கொடுத்து, இதற்கு நீட்டித்த வாரண்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்பதற்குக் காசு செலவில்லை. தானாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

ரீகால் வேறு வகை. அது பாதுகாப்புக் கோளாறு, அதற்கு வாரண்டியே தேவையில்லை. அமெரிக்கச் சட்டப்படி வண்டிக்கு 15 வயது ஆகும் வரை கம்பெனி இலவசமாகச் சரி செய்து தர வேண்டும். நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் (NHTSA) தளத்தில் அடையாள எண்ணைப் போட்டால் உடனே தெரிந்துவிடும். 2016 நவம்பரில் டொயோட்டா, 2011 முதல் 2016 வரையான சியன்னா வண்டிகளை அமெரிக்காவில் மட்டும் ஏழு லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைத்தது, ஓடும்போதே பக்கக் கதவு திறந்துகொள்ளலாம் என்பதற்காக. 2022இல், பெட்ரோலோடு சார்ஜ் போட்ட பேட்டரியிலும் ஓடும் மினிவேனான கிரைஸ்லர் பசிஃபிக்கா பிளக்-இன் ஹைப்ரிட்டின் 2017, 2018 மாடல்களில் சுமார் 20 ஆயிரம் வண்டிகளுக்கு, சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்கும் மற்ற வண்டிகளுக்கும் தள்ளி வெளியே நிறுத்துங்கள் என்றே அறிவிப்பு வந்தது. நிறுத்தி வைத்திருந்த வண்டிகளும் தீப்பிடித்திருந்தன. பழைய மினிவேன் வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பதுதான்.

கியர்பாக்ஸுக்கு அடுத்து மினிவேனுக்கே உரிய தொல்லை அந்தக் கதவு. மின்சாரத்தில் நகரும் கதவுக்குள் ஒரு மோட்டார், அதைச் சுற்றிய எஃகு கேபிள், உருளைகள், கதவோடு சேர்ந்து வளைந்து நிமிரும் ஒயர் கட்டு, பூட்டு என்று பல உறுப்புகள் இருக்கின்றன. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து மூடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். தண்டவாளம் போன்ற அந்தப் பள்ளத்தில் மணலும் பிஸ்கட் தூளும் சேர்ந்தால் உருளை இறுகும், கேபிள் இழுபடும், நாளடைவில் நார் நாராகப் பிரியும். மாதம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷால் பள்ளத்தைச் சுத்தம் செய்து, துணியால் துடைத்தால் கதவின் ஆயுள் கூடும். கதவு பாதியில் நின்று திரும்பினால் உடனே மோட்டார் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், பலவீனமான பேட்டரிகூட அப்படிச் செய்யும். பிள்ளைகள் நகர்ந்துகொண்டிருக்கும் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுக்காமல் இருக்கப் பழக்குவது இன்னும் நல்லது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பின் வரிசை ஏசிக்கும் ஹீட்டருக்கும் போகும் குழாய்கள் வண்டிக்கு அடியில் ஓடும். நியூஜெர்சி, பென்சில்வேனியா, மிச்சிகன் போன்ற பனிப் பிரதேசங்களில் சாலையில் தூவும் உப்பு அந்தக் குழாய்களை அரிக்கும், பத்து வயதான வண்டியில் அவை ஒழுகுவது சகஜம். குளிர்காலத்தில் அடிப்பகுதியைக் கழுவும் கார் வாஷுக்குச் செலவழிப்பது வீண் இல்லை. ஒடிஸியின் வி6 என்ஜினில், வால்வுகளைப் பிஸ்டன்களின் ஓட்டத்துக்கு ஏற்ற நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் உண்டு. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜின் சிதையும். ஏறக்குறைய 1 லட்சம் மைலில் வாட்டர் பம்போடு சேர்த்து மாற்ற வெளி மெக்கானிக்கிடம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு டாலர் ஆகும். சியன்னாவில் 2007 மாடலில் வந்த 3.5 லிட்டர் என்ஜினிலிருந்து பெல்ட்டுக்குப் பதில் செயின். பழைய ஒடிஸி 95,000 மைலில் மலிவாகக் கிடைக்கிறது என்றால் இந்தப் பெல்ட் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வடிவம் முழுக்க மாறிய முதல் ஆண்டு வண்டியை நான் வாங்கமாட்டேன். மேலே சொன்ன கதைகளே அதற்குக் காரணம்.

இந்தக் கணக்கை 2021இல் டொயோட்டா கொஞ்சம் மாற்றிவிட்டது. அந்த ஆண்டிலிருந்து சியன்னா, பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட்டாக மட்டுமே வருகிறது. அதில் வழக்கமான கியர்பாக்ஸ் இல்லை. இரண்டு மின் மோட்டார்களும் ஒரு கோள் சக்கரத் தொகுதியும் (நடுச் சக்கரத்தைச் சுற்றி மற்ற பல் சக்கரங்கள் சுழலும் அமைப்பு) சேர்ந்து வேகத்தைச் சீராக மாற்றும். தேய்ந்துபோக கிளட்ச் பட்டைகள் இல்லை, தனி ஸ்டார்ட்டர் இல்லை, பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டர் இல்லை. எல்லோரும் பயப்படும் பெரிய பேட்டரிக்குக் கம்பெனியே 10 ஆண்டு, 1,50,000 மைல் வாரண்டி கொடுக்கிறது. பேட்டரி முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது, அதற்குக் காற்றுப் போகும் வழியும் அங்கேதான். பையையும் போர்வையையும் திணித்து அந்த வழியை அடைக்காமல், வடிகட்டியை அவ்வப்போது சுத்தம் செய்தால் போதும். இந்த வண்டியை வாங்குகிறவரிடம், பேட்டரி போனால் என்ன செய்வீர்கள் என்று பயமுறுத்தி நீட்டித்த வாரண்டி விற்றால், ஏற்கெனவே இருக்கும் காப்பையே இன்னொரு தடவை விற்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சரி, இப்போது அந்தக் காகிதத்துக்கு வருவோம்.

முதலில் பெயர். எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று எல்லோரும் சொன்னாலும் சட்டப்படி அது வாரண்டியே இல்லை. வாரண்டி என்பது வண்டி விலைக்குள்ளேயே அடங்கியது. தனியாகக் காசு கொடுத்து வாங்குவது சர்வீஸ் ஒப்பந்தம் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் தெளிவாகச் சொல்கிறது. பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றும், ஆனால் இருக்கிறது. வாரண்டியில் வண்டி செய்தவர் பொறுப்பேற்கிறார். ஒப்பந்தத்தில் பொறுப்பேற்பவர் யாரென்று தாளைத் திருப்பி, சின்ன எழுத்தில் தேடினால்தான் தெரியும். சில நேரம் வண்டிக் கம்பெனியே இருக்கும். பல நேரம் நாம் கேள்விப்படாத மூன்றாவது ஒருவர் இருப்பார்.

அடுத்தது காலக் கணக்கு. ஹோண்டாவும் டொயோட்டாவும் புது வண்டிக்கு முழு வாரண்டி 3 ஆண்டு அல்லது 36,000 மைலும், என்ஜின், கியர்பாக்ஸ் முதலிய இயக்கப் பகுதிகளுக்கு 5 ஆண்டு அல்லது 60,000 மைலும் தருகின்றன. எது முதலில் வருகிறதோ அதோடு முடியும். புது வண்டியோடு வாங்கும் 7 ஆண்டு, 1 லட்சம் மைல் ஒப்பந்தம் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. ஆக, நாம் காசு கொடுப்பது ஏழு ஆண்டுக்கு, கிடைப்பது நான்கு ஆண்டு. மிகவும் பயப்படும் கியர்பாக்ஸுக்கோ கூடுதலாகக் கிடைப்பது இரண்டே ஆண்டு. வீட்டிலிருந்தே வேலை செய்து, ஆண்டுக்கு 8,000 மைல் ஓட்டுகிறவரின் வண்டி ஏழாம் ஆண்டு முடிவில் 56,000 மைலில் நிற்கும். பெரிய உறுப்புகள் தேயத் தொடங்குமுன்பே ஒப்பந்தம் முடிந்துவிடும். ஆண்டுக்கு 20,000 மைல் ஓட்டுகிறவருக்கு இயக்கப் பகுதி வாரண்டி மூன்றே ஆண்டில் தீர்ந்துவிடும், ஒப்பந்தமும் ஐந்தாம் ஆண்டில் முடியும், ஆனால் நடுவில் இரண்டு ஆண்டு, 40,000 மைல், அவருக்கு உண்மையான காப்பு கிடைக்கும். ஒரே தாள், ஒரே விலை, இருவருக்கும் வேறு வேறு மதிப்பு. நாம் ஆண்டுக்கு எத்தனை மைல் ஓட்டுகிறோம் என்று அந்த அறையில் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மாதம் 51 டாலர் என்ற கணக்கையும் பிரித்துப் பார்க்கலாம். 3,000 டாலர் ஒப்பந்தத்தை 7 சதவீத வட்டியில் 72 மாதக் கடனோடு சேர்த்தால் மாதம் சுமார் 51 டாலர் வரும். மொத்தமாகக் கட்டுவது ஏறக்குறைய 3,680. ரிப்பேருக்கு முன்பணம் கட்டுவதோடு அந்தப் பணத்துக்கு வட்டியும் கட்டுகிறோம். அந்த 3,000 டாலரில் டீலரின் லாபம் கணிசமானது, அதனால்தான் பேரம் பேசினால் விலை சட்டென்று இறங்குகிறது. வண்டிக் கம்பெனியின் அதே ஒப்பந்தத்தை வேறு ஊர் டீலர்கள் தொலைபேசியில் குறைந்த விலைக்கு விற்பதும் உண்டு. இன்னொன்று, முதல் நாளே வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. கம்பெனியின் சொந்த ஒப்பந்தங்களைப் பொதுவாக மூன்று ஆண்டு முழு வாரண்டி முடியும் வரை வாங்கலாம். அதற்குள் வண்டி எப்படிப்பட்டது என்று நமக்கே தெரிந்திருக்கும், அந்த மாடலில் என்ன தொல்லை வருகிறது என்று ஊருக்கும் தெரிந்திருக்கும். அம்மாவின் கேள்விக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: இப்போதே கட்ட வேண்டியதில்லை.

பொருள்களைச் சோதித்து எழுதும் அமெரிக்க இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2013இல் தன் சந்தாதாரர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டபோது, இப்படி ஒப்பந்தம் வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தியவர்களும் சராசரியாகப் பார்த்தால் மிச்சப்படுத்தியதைவிடப் பல நூறு டாலர் அதிகமாகக் கட்டியிருந்தார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கட்டிய பணத்துக்கு மேல் ரிப்பேராகத் திரும்ப எடுத்தால் விற்பவர் கடையை மூட வேண்டியதுதான். ஆனாலும் எல்லோருக்கும் இது வீண் என்று சொல்லமாட்டேன். கையில் சேமிப்பு இல்லாமல், திடீரென்று ஐயாயிரம் டாலர் கியர்பாக்ஸ் செலவு வந்தால் வேலைக்கே போக முடியாது என்ற நிலையில் இருக்கும் குடும்பத்துக்கு, சராசரிக் கணக்கைவிட அந்த ஒரு நாளின் ஆபத்துதான் பெரிது. அவர்கள் வாங்கட்டும். ஆனால் கம்பெனியின் சொந்த ஒப்பந்தமாக, பேரம் பேசி, கடனில் சேர்க்காமல் வாங்கட்டும்.

வண்டிக் கம்பெனி அல்லாத மூன்றாம் ஆள் விற்கும் ஒப்பந்தங்களை வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. மிசூரி மாநிலத்தில் இருந்த யுஎஸ் ஃபிடெலிஸ் ஒரு காலத்தில் இந்த வியாபாரத்தில் மிகப் பெரிய பெயர். 2010இல் திவாலானது. அதை நடத்திய சகோதரர்கள் பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் பிரபலங்களை வைத்து விளம்பரம் செய்யும் கார்ஷீல்டு நிறுவனம், விளம்பரத்தில் சொன்ன காப்புக்கும் கொடுத்த காப்புக்கும் வித்தியாசம் என்ற வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டை 2024 ஜூலையில் 1 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. உங்கள் வண்டியின் வாரண்டி முடியப்போகிறது என்று பதிவு செய்த குரலில் வரும் அழைப்பு அமெரிக்காவில் வாழ்கிற யாருக்குத்தான் வரவில்லை? 2021இல் மூன்றே மாதத்தில் 500 கோடிக்கும் மேல் அப்படி அழைத்த ஒரு கும்பலுக்கு, மத்திய தகவல் தொடர்பு ஆணையம் 2023 ஆகஸ்டில் சுமார் 30 கோடி டாலர் அபராதம் போட்டது. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் வீட்டுத் தொலைபேசியை எடுத்தால், வண்டி பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் வைத்துவிடச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் கையில் இருந்தால், அல்லது வாங்குவதாக இருந்தால், படிக்க வேண்டிய இடங்கள் சில. எவையெல்லாம் சேரும் என்று பட்டியல் போடும் ஒப்பந்தத்தைவிட, எவை சேராது என்று பட்டியல் போட்டு மற்றதெல்லாம் சேரும் என்று சொல்வது நமக்கு நல்லது. முதல் வகையில் பட்டியலில் இல்லாத ஒரு சின்னக் கிளிப்புக்காகப் பெரிய வேலை முழுக்க நிராகரிக்கப்படும். என் வண்டிக் கதவு ஐந்தாம் ஆண்டில் நின்றபோது அதுதான் நடந்தது. மோட்டார் பட்டியலில் இருந்தது, கேபிள் இல்லை. போனது கேபிள். வண்டியைப் பிரித்துப் பார்க்கும் கூலியையும் நான்தான் கொடுத்தேன். அந்தக் கூலி யாருடையது, ஒவ்வொரு தடவைக்கும் நம் கையிலிருந்து போடும் தொகை ஒரு வருகைக்கா, ஒரு கோளாறுக்கா, புது உதிரிபாகமா பழையதா என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும். “தேய்மானம்” என்ற சொல் எங்கே வருகிறது என்று விரல் வைத்துத் தேட வேண்டும். 1 லட்சம் மைல் ஓடிய வண்டியில் எதைத்தான் தேய்மானம் இல்லை என்று சொல்ல முடியும்?

நிபந்தனைகளின் பலத்துக்கு கிரைஸ்லரின் வாழ்நாள் வாரண்டியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2007 ஜூலையில், முதல் உரிமையாளர் வண்டியை வைத்திருக்கும் வரை என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வாரண்டி என்று அறிவித்தார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை டீலரிடம் கொண்டுபோய் இலவசமாகச் சோதனை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. ஐந்து ஆண்டு கழித்து வரும் ஒரு தேதியை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருப்பார்கள்? தவறவிட்டவர்களுக்கு வாழ்நாள் வாரண்டி அந்தத் தேதியோடு போய்விட்டது.

அதனால்தான் ரசீதுகள். 1975 மாக்னுசன்-மாஸ் சட்டம் நமக்கு ஒரு நல்ல உரிமையைக் கொடுத்திருக்கிறது. டீலரிடம் சர்வீஸ் செய்யவில்லை, வெளி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றினாய் என்பதற்காக மட்டும் கம்பெனி வாரண்டியை மறுக்க முடியாது. வீட்டு வாசலில் நாமே மாற்றினாலும் சரிதான். ஆனால் மாற்றினோம் என்று காட்ட வேண்டும். ஆயில், ஃபில்டர் வாங்கிய ரசீது, தேதி, அன்றைய மைல் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, ரசீதைப் படம் எடுத்து வைத்தால் போதும். விற்கும்போதும் அந்த நோட்டு விலையைக் கூட்டும்.

ஒரு செலவைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் வலியுறுத்திச் சொல்வேன். அது கியர்பாக்ஸ் ஆயில். வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சொல்லப்படும் ஆயில்களும் சூட்டில் கருகத்தான் செய்கின்றன. கையேட்டில் தூரம் போட்டிருந்தால் அதன்படி, போடாவிட்டால் 40,000, 50,000 மைலுக்கு ஒருமுறை, கம்பெனி சொன்ன அதே ஆயிலை வடித்து ஊற்றச் சொல்லுங்கள். ஒடிஸியில் ஒரு தடவை வடித்தால் உள்ளே இருப்பதில் பாதிக்கும் குறைவாகத்தான் வெளியே வரும், மூன்று குவார்ட் (ஏறக்குறைய மூன்று லிட்டர்) அளவுக்கு. அதனால் பழைய வண்டிக்கு இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை செய்வார்கள். இயந்திரம் வைத்து அழுத்திக் கழுவும் முறையை மினிவேனுக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு தடவைக்கு நூறு, இருநூறு டாலர். மூவாயிரம் டாலர் காகிதத்துக்குத் தயங்காமல் கையெழுத்துப் போடும் பல வீடுகளில் இந்த இருநூறு டாலர் வேலை ஒருமுறைகூட நடந்திருக்காது. நண்பர்கள் வண்டியில் ஏறினால் கியர் மாறும் விதத்திலேயே எனக்கு அது தெரிந்துவிடுகிறது, மனசு பதைக்கிறது.

கதவு வேலைக்குக் கையிலிருந்து செலவழித்த அந்த வாரம் ஒப்பந்தத்தை எடுத்து முழுக்கப் படித்தேன். ரத்து செய்யலாம் என்ற பத்தி கடைசிப் பக்கத்தில் இருந்தது. முதல் சில வாரங்களுக்குள் என்றால் முழுப் பணம், அதற்குப் பிறகு என்றால் மீதி இருக்கும் காலம் அல்லது மைல், இரண்டில் எது குறைவோ அந்த விகிதத்தில். சின்னக் கட்டணம் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள், வண்டிக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் பணம் கடன் கொடுத்தவருக்குப் போகும். வாங்கிய டீலருக்குக் கடிதம் எழுதி, மைல் காட்டும் படத்தை இணைத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. ஒப்பந்தத்தில் இருந்த நிர்வாக அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் இன்னொன்று அனுப்பினேன். ஆறு வாரத்தில் என் கடன் பாக்கியிலிருந்து 700 டாலர் சொச்சம் குறைந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை வண்டியைத் தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டு, கியர்பாக்ஸ் ஆயிலை வடிக்கச் சொன்னேன். காப்பி நிறத்தில் வந்தது. இன்னும் ஆயிரம் மைல் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டு வாருங்கள் என்றார்.